காரணம் என்ற நிரல்

ஒழுக்காற்றுப் பதிவேட்டில் ஐந்து நிரல்கள்:
திகதி, பெயர், குற்றம், காரணம், கையொப்பம்.
நான்காவது மட்டும் ஒடுக்கம்.
கோடு போட்டவர் யாரோ,
பிள்ளைகளின் காரணங்கள் சின்னவை என்று
நினைத்திருக்க வேண்டும்.

தவணை முடிகிறது. அதிபருக்கு அறிக்கை வேண்டும்,
அதிகம் தவறியவர் யார், எத்தனை தரம் என்று.
வெளியே மழை. டச்சுக் குடாவில் கடல் எது வானம் எது தெரியவில்லை.
விரலால் எண்ணிக்கொண்டு வருகிறேன்.
தரம் ஒன்பது, யதுர்சன். பதினேழு.

தை 22. கழுத்துப்பட்டி அணியவில்லை.
தை 30. கழுத்துப்பட்டி அணியவில்லை.
மாசி 6. சப்பாத்து ஈரம், வகுப்பறை அசுத்தம்.
மாசி 17. பிந்தி வந்தமை.
மாசி 18. பிந்தி வந்தமை.
மாசி 19. மேற்படி.
பங்குனி 3. விஞ்ஞானக் கொப்பி இல்லை.
மான் தின்றுவிட்டது என்றான். பொய் பேசுதல்.

அந்த நாள் நினைவிருக்கிறது.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.
இந்த ஊரில் அது பொய்யே இல்லை.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
சோற்றுப் பார்சல் தாளைத் தின்னும்,
சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைத் தின்னும்,
விழாத லொத்தர் சீட்டையும் தின்னும்.
நான் கேட்காமல் விட்டது ஒன்றுதான்:
கொப்பியை மானுக்கு நீட்டியது யார்?

வீடு வீரநகர். நடந்தால் பத்து நிமிடம்.
பத்து நிமிட வழிக்கு
ஐம்பது நிமிடம் எப்படிப் பிந்துவது?
படலையடியில் நிற்கும் நாலு பேரும்
மணியடித்து உள்ளே போகும்வரை
மீன்வாடிச் சுவருக்குப் பின்னால் நின்றால் பிந்தும்.
இதை நான் கண்டுபிடிக்கவில்லை.
நேற்று ஆண்பிள்ளைகளின் கழிவறைத் தொட்டி அடைத்துக்கொண்டது.
துப்புரவு செய்யும் கமலவேணி
தடியால் கிளறி எடுத்து, அலசி,
என் மேசையில் கொண்டுவந்து போட்டார்
மூன்று கழுத்துப்பட்டி.
பின்பக்கம், அழியாத மையால்,
நெத்தலி. நெத்தலி. நெத்தலி.

நான் தமிழ் படிப்பிக்கிறவள்.
செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக என்று
வருடா வருடம் பத்துப் புள்ளிக்குக் கேள்வி போடுகிறவள்.
இன்றைக்கு நானே எழுதிப் பார்க்கிறேன்.
கழுத்துப்பட்டி கழற்றப்பட்டது.
சப்பாத்து நனைக்கப்பட்டது.
கொப்பி நீட்டப்பட்டது.
யாரால் என்று எழுத
பதிவேட்டில் நிரல் இல்லை.

டினோஷனுக்கு இதில் பக்கமே கிடையாது.
கொலர் எப்போதும் பால் வெள்ளை.
படியில் கண்டால் என் பையை வாங்கிக்கொண்டு
முன்னால் நடப்பான்.
போன கிழமைதான்
நன்னடத்தைச் சான்றிதழில் அவன் பெயரை எழுதினேன்.
என் கையெழுத்து வடிவு என்று
அதிபர் எப்போதும் என்னிடம்தான் தருவார்.
பதினேழு பதிவும் அதே கையெழுத்து.
அதே வடிவு.

யதுர்சனைக் கூப்பிட்டனுப்பினேன்.
வந்து நின்றான், மழையில் நனைந்த தலையோடு.
சொல்ல வேண்டியதை இரவே கோர்த்து வைத்திருந்தேன்,
எழுவாய் பயனிலையோடு, பிழையில்லாமல்.
'யதுர்சன், நான்...' என்று தொடங்கியதும்
அவன் வலது கையை நீட்டினான்.
உள்ளங்கை மேல்பார்த்தபடி.

அடிக்கக் கூடாதென்று சுற்றறிக்கை வந்து
எத்தனையோ வருடம்.
பிரம்பு அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது
என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன்.
அந்தக் கைக்கு வேறு விசயம் தெரிந்திருந்தது.
நடுங்கவில்லை அது.
என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதை வைப்பது அதில்?
மூன்று கழுத்துப்பட்டியையா, அந்தப் பெயரோடேயே?
மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நேரம் போனது.
பிள்ளை குழம்பிப்போய் மெல்லக் கேட்டான்:

'மற்றக் கையா, மிஸ்?'